குற்றம் கேளிக்கையாகும்போது...



மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் பேருந்தில் நம்மில் பலர் பயணம் செய்திருப்போம். பாலாறு நெருங்கும்போது வெளியூர்ப் பயணி யாராவது சன்னல் பக்கம் சாய்ந்து, "வீரப்பன் இருந்த காடு இதுதானுங்களா?" என்று கேட்பார். உள்ளூர்க்காரர் ஒருவர் கதை சொல்லத் தொடங்குவார். கொஞ்ச நேரத்தில் சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் காது கொடுத்துக் கேட்பார்கள். யானைத் தந்தம், சந்தனக்கட்டை, மீசை, துப்பாக்கி, நடிகர் ராஜ்குமார் கடத்தல் என்று எல்லாம் அந்தக் கதையில் வரும்.

ஆனால், பாலாற்றுக்கு அருகே 1993 ஏப்ரல் 9 அன்று கண்ணிவெடியில் சிதறிப்போன 22 பேரில் ஒருவருடைய பெயராவது அந்தக் கதையில் வருமா? பெரும்பாலும் வராது. அவர்கள் காவலர்கள், வனக்காவலர்கள், வழிகாட்டவும் தகவல் சொல்லவும் அழைத்துச் செல்லப்பட்ட சாதாரண மனிதர்கள். அந்த நாள் புனித வெள்ளி என்பதும் நமக்கு நினைவில் இல்லை.

கொன்றவரின் பெயர் ஊர் முழுக்கத் தெரிகிறது. கொல்லப்பட்டவரின் பெயர் அவருடைய வீட்டாருக்கு மட்டுமே தெரிகிறது. உண்மைக் குற்றங்கள் திரைப்படமாகவும் தொடராகவும் கைப்பேசிக் காணொளியாகவும் பெருகிவிட்ட இக்காலத்தில், இது நம் மனச்சாட்சியைத் தொட வேண்டிய செய்தி. இதைப் பற்றிச் சற்றுச் சிந்திப்போம்.

நம் வாசலில் நடந்தது

வீரப்பன் 1952 ஜனவரி 18 அன்று கோபிநத்தத்தில் பிறந்தவர். அந்த ஊர் இன்று கர்நாடக எல்லைக்குள் இருந்தாலும், அதன் மக்களுக்குச் சந்தையும் உறவும் நம் பக்கத்தில்தான். 2004 அக்டோபர் 18 இரவு, தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே, தமிழ்நாடு சிறப்பு அதிரடிப்படையினரால் மூன்று கூட்டாளிகளோடு அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரது உடல் நம் மேட்டூரை அடுத்த மூலக்காட்டில் அடக்கம் செய்யப்பட்டது. அன்று ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். இன்றும் அந்தக் கல்லறையைப் பார்க்க வெளியூர்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

இந்த இரண்டு நாள்களுக்கு இடையில் நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. 2000 ஜூலை 30 அன்று கடத்தப்பட்ட கன்னட நடிகர் ராஜ்குமார் 108 நாள்கள் காட்டில் வைக்கப்பட்டார். 2002-இல் கடத்தப்பட்ட கர்நாடக முன்னாள் அமைச்சர் நாகப்பா பிணமாகத்தான் கிடைத்தார். இவை நாடெங்கும் தலைப்புச் செய்திகளாயின. மலையோர ஊர்களில் விறகு பொறுக்கப் போய்த் திரும்பாதவர்கள், விசாரணைக்கு என்று அழைத்துச் செல்லப்பட்டு நடக்க முடியாமல் திரும்பியவர்கள் ஆகியோரின் துயரம் தலைப்புச் செய்தியாகவில்லை.

கதை விற்பனைக்கு வந்தது

வீரப்பன் உயிரோடு இருந்தபோதே அவர் ஒரு கதையாகிவிட்டார். 1990-களில் நக்கீரன் இதழ் காட்டுக்குள் சென்று எடுத்த பேட்டிகள் தமிழகமெங்கும் பேசப்பட்டன. அவர் இறந்தபின் 2007-இல் மக்கள் தொலைக்காட்சியில் 'சந்தனக்காடு' தொடர் வந்தது. 2013-இல் 'வனயுத்தம்' திரைப்படம் வந்தது. 2016-இல் இயக்குநர் ராம்கோபால் வர்மா கன்னடத்தில் ஒன்று, இந்தியில் ஒன்று என இரு படங்களை வெளியிட்டார். 2023 ஆகஸ்டில் நெட்பிளிக்ஸ் நான்கு பகுதிகளாக 'தி ஹன்ட் ஃபார் வீரப்பன்' என்ற ஆவணத் தொடரையும், டிசம்பரில் ஜீ5 'கூச முனிசாமி வீரப்பன்' என்ற தொடரையும் வெளியிட்டன.

இவை எல்லாவற்றையும் ஒரே தராசில் வைப்பது நியாயமாகாது. சில தொடர்கள் அதிரடிப்படையின் கொடுமைகளால் பாதிக்கப்பட்ட மலைமக்களின் வாயாலேயே அவர்கள் பட்டதைச் சொல்ல வைத்தன. அது நல்ல பணி. ஆயினும் ஒன்றை மறுக்க முடியாது. மக்களைத் திரையின் முன் உட்கார வைப்பது மீசையும் துப்பாக்கியும் தப்பித்தலும்தான். ஒவ்வொரு பகுதியும் 'அடுத்து என்ன?' என்ற பரபரப்போடு முடிகிறது. நாம் பொத்தானை அழுத்தாமலே அடுத்த பகுதி தானாக ஓடத் தொடங்குகிறது. மனம் கனக்க வேண்டிய இடத்தில் இசை நம்மைத் துள்ள வைக்கிறது. செத்த மனிதருக்காக ஒரு நிமிடம் நிற்கக்கூட நமக்கு நேரம் தரப்படுவதில்லை.

கதையில் விடுபட்டவர்கள்

வனத்துறை அதிகாரி பி. ஸ்ரீனிவாஸ் அவர்களை எத்தனை பேருக்குத் தெரியும்? ஆந்திரத்தைச் சேர்ந்த அவர் கோபிநத்தத்திலேயே தங்கி, அவ்வூர் மக்களோடு மக்களாக வாழ்ந்தார். அங்கே மருத்துவ வசதிக்கு ஏற்பாடு செய்தார். ஊர்க் கோயிலைக் கட்டிக்கொடுத்தார். காட்டுக்குள் திரிந்தவர்களைத் திருத்தி நல்வாழ்வுக்குக் கொண்டுவர முடியும் என்று நம்பினார். வீரப்பன் சரணடையப் போவதாக வந்த சொல்லை நம்பி ஆயுதமின்றிச் சென்ற அவர், 1991 நவம்பர் 10 அன்று கொடூரமாகக் கொல்லப்பட்டார். அரசு அவருக்குக் கீர்த்தி சக்கரா விருது அளித்தது. கோபிநத்தம் மக்கள் அவரை இன்றும் நன்றியோடு நினைக்கிறார்கள். ஆனால் அவரை நாயகனாக வைத்து எடுக்கப்பட்ட படத்துக்கு நாம் எப்போதாவது வரிசையில் நின்றிருக்கிறோமா?

மறுபுறம், காவல்துறையின் வேட்டையில் சிக்கிய எளியவர்கள். மாதேஸ்வரன் மலையில் 'ஒர்க் ஷாப்' என்றே பெயர் பெற்றிருந்த இடத்தில் நடந்த சித்திரவதைகளைப் பற்றித் தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைத்து விசாரித்தது. 2007-இல் 89 பேருக்கு மொத்தம் 2 கோடியே 80 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கப் பரிந்துரைத்தது. பாலாறு குண்டுவெடிப்பையொட்டி நூற்றுக்கும் மேற்பட்டோர் தடா சட்டத்தில் சிறை வைக்கப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோரை 2001-இல் மைசூரு தனி நீதிமன்றம் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தது. அதற்குள் அவர்கள் இழந்த ஆண்டுகளை யார் திருப்பித் தர முடியும்? ஆயுள் தண்டனை பெற்றவர்களில் நால்வருக்கு 2004-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்குத் தண்டனையாக உயர்த்தியது. கருணை மனு மீதான நீண்ட காலதாமதத்தைக் காரணம் காட்டி, 2014 ஜனவரி 21 அன்று அதே நீதிமன்றம் அதை மீண்டும் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது.

சந்தனக்கட்டைத் தேடலின் பெயரால் 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் நடத்திய அட்டூழியத்தில் 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு நடக்கும்போதே இறந்துவிட, எஞ்சிய 215 பேரும் 2011 செப்டம்பர் 29 அன்று குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. முப்பத்தொரு ஆண்டுகள் அந்தப் பெண்கள் நீதிமன்றப் படியேறினார்கள். இந்தப் பொறுமையில் துப்பாக்கிச் சண்டை இல்லை. அதனால்தான் இதைப் பேருந்தில் யாரும் கதையாகச் சொல்வதில்லை.

சேலம் சிறையும் ஒரு தீர்ப்பும்

நம் மாவட்டத்தோடு தொடர்புடைய இன்னொரு வழக்கும் இங்கே நினைக்கத்தக்கது. ஆறு கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர், 1995 ஏப்ரல் 27 அன்று சேலம் மத்திய சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முன் அவர் சிறையில் எழுதியதாகச் சொல்லப்பட்ட தன்வரலாற்றை நக்கீரன் இதழ் தொடராக வெளியிட முன்வந்தது. அதிகாரிகள் சிலரோடு அவருக்கு இருந்த தொடர்புகள் அதில் வெளிவரும் என்று கூறப்பட்டது. சிறைத்துறை எதிர்ப்புத் தெரிவிக்க, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

1994 அக்டோபர் 7 அன்று வந்த தீர்ப்பு இந்தியச் சட்ட வரலாற்றில் இடம்பெற்றது. நீதிமன்ற ஆவணம் போன்ற பொது ஆவணங்களில் உள்ளதை எவரும் வெளியிடலாம். அதை முன்கூட்டியே தடுக்க அரசுக்கு அதிகாரமில்லை. அதற்கு அப்பால் ஒருவருடைய வாழ்க்கையை அவரது இசைவின்றி எழுதினால், அது அவரது அந்தரங்க உரிமையை மீறுவதாகலாம். பாலியல் வன்கொடுமை, ஆள்கடத்தல் போன்றவற்றுக்கு ஆளான பெண்ணின் பெயரையும் அவருக்கு நேர்ந்ததையும் பரப்பி, அவரை மீண்டும் அவமதிக்கக் கூடாது. இதுவே அத்தீர்ப்பின் சாரம்.

அதாவது, எழுதும் உரிமைக்கும் காயப்பட்டவரின் மானத்துக்கும் இடையே ஒரு வேலி வேண்டும் என்று நீதிமன்றமே சொன்னது. அதே கதை 2019-இல் இணையத் தொடராகவும் வந்தது. குற்றவாளி இறந்து 24 ஆண்டுகள் ஆன பின்னும் கதைக்கு விலை இருக்கிறது. சட்டம் போடும் வேலி பத்திரிகைக்கும் படத்துக்கும்தான். கொலைக் காட்சியை வாட்ஸ்அப்பில் ஊர் முழுக்க அனுப்பும் நம் விரலுக்கு வேலி போடுவது யார்? நம் மனச்சாட்சி ஒன்றுதான்.

உரோமை அரங்கில் ஓர் இளைஞர்

குற்றத்தையும் தண்டனையையும் வேடிக்கையாக்குவது புதிதல்ல. கி.பி. 64-இல் உரோமை நகர் எரிந்தபோது, பேரரசன் நீரோ கிறிஸ்தவர்கள்மீது பழி சுமத்தினான். அவர்களைக் குற்றவாளிகள் என்று சொல்லியே பொதுமக்கள் முன் காட்சிப் பொருளாக்கிக் கொன்றான். கிறிஸ்தவர்கள்மீது எந்தப் பரிவும் இல்லாத டாசிட்டஸ் என்ற உரோமை வரலாற்றாசிரியரே, இறுதியில் பார்த்தவர்களின் மனத்தில் இரக்கம் எழுந்தது என்று பதிவு செய்கிறார்.

ஆனால் எல்லா நேரமும் இரக்கம் எழுவதில்லை. புனித அகுஸ்தினார் தம் நண்பர் அலிப்பியுஸைப் பற்றி எழுதியிருப்பதைப் பாருங்கள். சட்டம் படிக்க உரோமைக்கு வந்த அலிப்பியுஸுக்கு, மனிதரை மனிதர் வெட்டிச் சாய்க்கும் அரங்க விளையாட்டுகள் அறவே பிடிக்காது. நண்பர்கள் ஒருநாள் அவரை வற்புறுத்தி இழுத்துச் சென்றனர். 'உடம்புதானே அங்கே இருக்கும், கண்ணைத் திறக்கவே மாட்டேன்' என்ற உறுதியோடு அவர் உட்கார்ந்திருந்தார். களத்தில் ஒருவன் விழ, கூட்டம் ஆர்ப்பரித்தது. என்னவென்று பார்ப்போமே என்று கண்ணைத் திறந்தார். பிறகு மூட முடியவில்லை. அடுத்த முறை அவர் தாமாகச் சென்றதோடு, மற்றவர்களையும் அழைத்துச் சென்றார். நெடுநாள் கழித்தே அந்தப் பிடியிலிருந்து மீண்டார்; பின்னாளில் ஆயரானார்.

அலிப்பியுஸ் கெட்டவர் அல்லர். தம் மன உறுதியைப் பெரிதாக நம்பியதுதான் அவர் செய்த பிழை. 'நான் சும்மா பார்க்கிறேன், என்னை அது ஒன்றும் செய்யாது' என்று நாமும் சொல்கிறோம் அல்லவா?

நாளை எப்படி இருக்கும்?

அறிவியல் புனைகதை எழுதுவோர் இதைப் பற்றி நம்மை எச்சரித்துக்கொண்டே இருக்கிறார்கள். ஸ்டீபன் கிங் வேறு பெயரில் எழுதி 1982-இல் வெளியிட்ட 'தி ரன்னிங் மேன்' நாவல் 2025-ஆம் ஆண்டைக் கற்பனை செய்தது. அதில் மனிதரை வேட்டையாடிக் கொல்வது தொலைக்காட்சியின் மிகப் பெரிய நிகழ்ச்சி. மக்கள் அதை வீட்டில் உட்கார்ந்து இரசிக்கிறார்கள். 1987-இல் வந்த அதன் திரைவடிவத்தில், மக்களைச் சுட மறுத்த காவலர் ஒருவரையே கொலையாளியாகக் காட்டும்படி ஒளிப்படச் சுருளை வெட்டி ஒட்டி மாற்றுகிறார்கள். அவர் ஓட ஓட, அவரைக் கொல்லச் சொல்லிப் பார்வையாளர்கள் கூச்சலிடுகிறார்கள்.

'பிளாக் மிரர்' என்ற பிரிட்டன் தொடரில் 2013-இல் வந்த 'ஒயிட் பேர்' என்ற கதை இன்னும் கூர்மையானது. நினைவிழந்து எழும் ஒரு பெண்ணைச் சிலர் துரத்துகிறார்கள். அவள் கதறுகிறாள். சுற்றி நிற்பவர்கள் உதவாமல் கைப்பேசியில் படம் பிடிக்கிறார்கள். இறுதியில்தான் தெரிகிறது, அது பணம் கட்டிப் பார்க்கும் ஒரு கேளிக்கைப் பூங்கா. ஒரு சிறுமி கொல்லப்பட்டதை உதவாமல் படம் பிடித்த குற்றத்துக்காக, அவளது நினைவை நாள்தோறும் அழித்து, அதே கொடுமையை நாள்தோறும் நிகழ்த்துகிறார்கள். அவள் செய்ததைத்தான் இப்போது பார்வையாளர்களும் செய்கிறார்கள்.

இது வெறும் கற்பனை என்று ஒதுக்கலாமா? பிரேசில் நாட்டின் மனாஸ் நகரில் குற்றச் செய்தி நிகழ்ச்சி நடத்திப் புகழ்பெற்று, சட்டமன்ற உறுப்பினரும் ஆன வாலஸ் சோசா என்பவர்மீது, தம் நிகழ்ச்சிக்குப் பார்வையாளர் சேர்க்கவே கொலைகளை ஏவினார் என்று 2009-இல் குற்றம் சாட்டப்பட்டது. அவர் அதை மறுத்தார். விசாரணை முடிவதற்குள் 2010-இல் இறந்தார். உண்மை எதுவாயினும், அப்படி ஒரு குற்றச்சாட்டு நம்பத்தக்கதாகத் தோன்றும் காலத்துக்கு நாம் வந்துவிட்டோம். செயற்கை நுண்ணறிவால் எவருடைய முகத்தையும் எந்தக் குற்றத்திலும் ஒட்டிவிடக்கூடிய இந்நாளில், 1987-இல் வெட்டி ஒட்டிய அந்த ஒளிப்படச் சுருளும் வெறும் கதையாகத் தோன்றவில்லை.

அப்படியானால் பார்க்கவே கூடாதா?

திருச்சபை அப்படிச் சொல்லவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட சமூகத் தொடர்புக் கருவிகள் பற்றிய ஆணையின் 7-ஆம் எண் இதை நேரடியாகவே பேசுகிறது. தீமையை எடுத்துக்காட்டுவது மனிதரை ஆழமாக அறிந்துகொள்ள உதவலாம். உண்மையும் நன்மையும் துலங்கவும் உதவலாம். ஆனால் அது அறநெறிக்கு உட்பட்டிருக்க வேண்டும். ஆன்மாக்களுக்குத் தீங்காகிவிடக் கூடாது. இதுவே அதன் கருத்து. திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் 2007-ஆம் ஆண்டின் உலகச் சமூகத் தொடர்பு நாள் செய்தியில், குழந்தைகளை மனத்தில் கொண்டு, பொழுதுபோக்கின் பெயரால் வன்முறையைப் பெருமைப்படுத்துவதை வன்மையாகக் கண்டித்தார்.

நல்ல எடுத்துக்காட்டு நம் தமிழ்த் திரையிலேயே உண்டு. 1993-இல் இன்றைய கடலூர் மாவட்டப் பகுதியில் நடந்த ஒரு காவல் நிலையச் சாவை அடிப்படையாகக் கொண்டு 2021-இல் 'ஜெய் பீம்' படம் வந்தது. அடித்தவரின் வீரம் அல்ல, கணவனைத் தேடி அலைந்த பெண்ணின் கண்ணீரே அதன் மையம். படம் பார்த்தவர்கள் 'அந்த அம்மா இப்போது எப்படி இருக்கிறார்?' என்று கேட்டார்கள். அவரது வறிய நிலை வெளிவந்தது. படத்தின் நாயகர் சூர்யா அவர் பெயரில் 10 இலட்சம் ரூபாய் வைப்பு நிதி அறிவித்தார். படம் முடிந்தபின் நாம் கேட்கும் கேள்வி எதுவோ, அதிலிருந்தே அந்தப் படம் நமக்கு என்ன செய்தது என்பது விளங்கும். 'அடுத்த பாகம் எப்போது?' என்பது ஒரு கேள்வி. 'அந்தக் குடும்பம் என்ன ஆனது?' என்பது வேறு கேள்வி.

நம் இல்லங்களில் நாம் செய்யக்கூடியவை

குற்றக் கதை ஒன்றைப் பார்த்து முடித்ததும், வீட்டில் பிள்ளைகளோடு அமர்ந்து நான்கு கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

1. இதில் யாருடைய பெயர் நமக்கு நினைவில் நிற்கிறது? துன்புற்றவர்களில் ஒருவருடைய பெயராவது தெரியுமா?

2. காயப்பட்ட குடும்பத்தார் இதைப் பார்த்தால் ஆறுதல் அடைவார்களா, அல்லது அவர்களது புண் மீண்டும் கிளறப்படுமா?

3. குற்றம் ஏன் நடந்தது என்பது விளங்கியதா, அல்லது எப்படிச் செய்வது என்பது மட்டும் விளங்கியதா?

4. இன்னும் தீர்ப்பு வராத வழக்கில், நாமே நீதிபதியாகி யாரையாவது குற்றவாளி என்று முடிவு கட்டிவிட்டோமா?

இவற்றோடு, விபத்து, கொலை, தற்கொலை ஆகியவற்றின் காட்சிகள் நம் கைப்பேசிக்கு வந்தால் அவற்றை நம்மோடு நிறுத்திக்கொள்வோம். பங்குக் குழுவிலோ உறவினர் குழுவிலோ யாராவது அனுப்பினால், கோபப்படாமல், 'இது நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் அனுப்புவோமா?' என்று அன்போடு கேட்போம். வன்கொடுமைக்கு ஆளான பெண்ணை அடையாளம் காட்டுவது சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் நம் இளைஞர்களுக்கு எடுத்துச் சொல்வோம்.

மேட்டூர்க்காரர்களாகிய நமக்கு ஒரு தனிக் கடமையும் உண்டு. வெளியூர்க்காரர்களுக்கு இது படத்தில் பார்த்த காடு. நமக்கு இது அக்கம்பக்கம். கணவரை இழந்தவர்கள், தந்தை முகம் அறியாமல் வளர்ந்தவர்கள், செய்யாத குற்றத்துக்குச் சிறைப்பட்டுத் திரும்பியவர்கள், காவலர் குடும்பத்தினர் என எல்லாத் தரப்பினரும் நாம் காய்கறி வாங்கும் சந்தைக்கும் நாம் ஏறும் பேருந்துக்கும் வருகிறவர்கள்தாம். அடுத்த முறை பேருந்தில் அந்தக் கதை எழும்போது, கேட்டுக்கொண்டிருப்பவர்களில் அப்படி ஒருவர் இருக்கலாம் என்று நினைத்துப் பேசுவோம்.

கல்வாரியிலும் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. கேலி செய்தவர்களும் சீட்டுப் போட்டவர்களும் அங்கே இருந்தார்கள். ஆனால் வீடு திரும்பும்போது அந்தக் கூட்டம் மார்பில் அடித்துக்கொண்டு சென்றதாக லூக்கா 23-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மனம் வருந்தித் திரும்பினார்கள்.

வருகிற புனித வெள்ளியன்று திருச்சிலுவையை முத்தமிடும்போது, 1993-இல் அதே புனித வெள்ளியில் பாலாற்றங்கரையில் உயிரிழந்த 22 பேருக்காகவும், கோபிநத்தத்தின் ஸ்ரீனிவாஸ் அவர்களுக்காகவும், இருதரப்புத் துப்பாக்கிகளுக்கும் இடையே சிக்கி நசுங்கிய மலைமக்களுக்காகவும், மூலக்காட்டில் அடக்கம் செய்யப்பட்டவருக்காகவும் ஒரு நிமிடம் மன்றாடுவோம். அந்த 22 பேரில் ஒருவருடைய பெயரையாவது அதற்குள் கேட்டறிந்து, பேருந்தில் கதை எழும்போது அதையும் சேர்த்துச் சொல்வோம்.